சாக்கடை மட்டும் ஏன் நம் தெருவைத் தேடி வருகிறது?

மலையடிவாரத்து வாசுதேவநல்லூரில் இருக்கும் நமக்குக் கடல் வெகுதூரம். ஆனாலும் இந்தப் பகுதி ஓடைகள் நிட்சேப நதி, வைப்பாறு வழியாக மன்னார் வளைகுடாவைத்தான் சேர்கின்றன. தெற்கே தாமிரபரணியும் புன்னைக்காயலில் அதே கடலில்தான் கலக்கிறது. 21 தீவுகளோடு 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல் அது. இங்கே நாம் திறந்துவிடும் சாக்கடை அங்கே மீனவர் வலையில் போய் விழுகிறது.

2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் நெல்லைக்கே வந்து, தாமிரபரணியில் கழிவுநீர் கலக்கும் இடங்களைப் பார்வையிட்டார்கள். ராமையன்பட்டியில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் இதுதான் நிலை. நிலையத்தைக் கட்டினால் மட்டும் ஆறு சுத்தமாகிவிடாது. வீடுகளுக்கு இணைப்பு வேண்டும். மோட்டார் நிற்காமல் ஓட வேண்டும். வெளியேறும் நீரைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். 2017 விதிப்படி, பெருநகரம் அல்லாத ஊர்களில் சுத்திகரித்த நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதை 10 ஆகக் குறைக்க 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. குளிக்கும் நீருக்கோ 3-ஐத் தாண்டக் கூடாது. இருப்பதையே ஒழுங்காக ஓட்டாமல் விரிவாக்கம் செய்தால், பெருகப்போவது கழிவுதான்.

அடுத்த கேள்வி, இடம். குப்பைக்கிடங்கானாலும் கழிவுநீரானாலும் அதிகாரிகள் கண்ணுக்குக் 'காலியிடமாக'த் தெரிவது பெரும்பாலும் காலனியை ஒட்டிய புறம்போக்குதான். இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. நியூயார்க்கில் வெள்ளையர் பகுதியில் அமைக்க நினைத்த நிலையத்தைக் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பக்கம் நகர்த்தினார்கள். 1986-ல் அது இயங்கத் தொடங்கியதும் நாற்றம் வீடுகளுக்குள் புகுந்தது. மக்கள் சாலை மறித்துக் கைதானார்கள். 1988-ல் அமைப்பாகத் திரண்டார்கள்; பின்னர் வழக்கும் போட்டார்கள். மாநகராட்சி இழப்பீட்டு நிதி கொடுத்து, நிலையத்தைச் சீரமைக்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் ஆலைகளின் பொதுக் கழிவுநீர் நிலையம் உண்டு. ஊர்ச் சாக்கடைக்கான நிலையம் இல்லை. அதனால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தாமலே அதைக் கட்டிவிடலாம். பக்கத்தில் குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

குழிக்குள் இறங்குவது யார் என்றும் பார்க்க வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. அதன் பிறகும் சாவுகள் நிற்காததால்தான், சாக்கடையில் இறப்போர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. அந்தக் குடும்பங்கள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாம் சுத்திகரிப்பை எதிர்க்கவில்லை. நம் தலையில் கட்டும் விரிவாக்கத்தைத்தான் எதிர்க்கிறோம். கிராமங்களில் கிராம சபையிலும், பேரூராட்சியில் பகுதி சபையிலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையையும் நீர்ச் சோதனை முடிவுகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவோம். குடியிருப்பிலிருந்து போதிய தூரம், இயந்திரத் துப்புரவு, மாதந்தோறும் முடிவுகளை ஊரறிய ஒட்டுவது ஆகிய மூன்றும் எழுத்தில் வராமல் ஒரு செங்கல்லும் ஏறக் கூடாது.

1927-ல் மகாட் குளத்தில் அம்பேத்கர் இறங்கியது நல்ல தண்ணீரில் நமக்குள்ள பங்கைக் கேட்டுத்தான். குடிநீர்க் குழாய் கடைசியாக வரும் தெருவுக்குச் சாக்கடை மட்டும் முதலில் வருவதை நாம் ஏற்க முடியாது.