மனத்தாங்கலும் ஒரு பாடமே

பணிமூப்புப் பட்டியலில் என் பெயர் மேலே வந்துகொண்டிருக்கிறது. பதவி உயர்வுக் கலந்தாய்வு நடந்தால், பட்டதாரி ஆசிரியரான நான் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்க வேண்டியிருக்கும். என்னைப் போல் காத்திருக்கும் பலர் பதிவேடுகள், சம்பளப் பட்டியல் பற்றியெல்லாம் கேட்டறிகிறார்கள். அது தேவைதான். ஆனால், இத்தனை ஆண்டுப் பணியில் நம் மனதில் தங்கிவிட்ட வருத்தங்களும் அந்தப் பொறுப்புக்கு நம்மைத் தயார்படுத்தும் என்பதை நாம் கவனிப்பதில்லை.

ஆசிரியர் அறையில் வழக்கமாகப் பேசப்படும் குறைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அவை மூன்று வகையாகப் பிரிந்தன.

முதல் வகை, தலைமையாசிரியர் கையில் இல்லாதவை. கல்வி உரிமைச் சட்டம் 2009, கல்வி சாராத பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் தேர்தல், பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகியவற்றுக்கு அதே 27ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. இப்பணிகளுக்காகத் தலைமையாசிரியரை நொந்துகொள்வதில் பயனில்லை.

இரண்டாம் வகை, வெளியிலிருந்து வந்தாலும் பள்ளிக்குள் எளிதாக்கக் கூடியவை. பிற்பகல் மூன்று மணிக்கு, "மாலைக்குள் புள்ளிவிவரம் வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் தகவல் வரும். பாடம் பாதியில் நிற்கும். பெரும்பாலும் கேட்கப்படுவது வகுப்புவாரி, பாலினவாரி, இனவாரி மாணவர் எண்ணிக்கைதான். மாதத்தின் முதல் வேலை நாளில் இவற்றை ஒரே தாளில் தொகுத்து வைத்தால், வகுப்பறைக் கதவைத் தட்டாமலே பதில் அனுப்பிவிடலாம். குடிநீர்க் குழாய், கழிப்பறைப் பழுதுகளும் இவ்வகையே. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். நாம் நமக்குள் புலம்பும் குறையை அக்குழுவின் தீர்மானமாக்கினால் அதற்கு வலு கூடும்.

மூன்றாம் வகை, முழுக்கத் தலைமையாசிரியரின் அணுகுமுறையைச் சார்ந்தது. நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், மாணவர்கள் முன்னிலையிலேயே ஆசிரியர்களைக் கடிந்துகொள்வது வழக்கமாக இருந்தது. அதன்பின் அந்த ஆசிரியர் சொல்வதற்கு வகுப்பில் மதிப்பு குறையும். அந்த இழப்பு பிள்ளைகளுக்கும்தான். விடுப்பில் இருப்பவரின் பாடவேளைகள், மறுத்துப் பேசாத ஓரிருவருக்கே திரும்பத் திரும்பப் போகும். கூட்டத்தில் சுற்றறிக்கையை வாசித்ததும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நாங்கள் பேச நேரமிருக்காது.

இவை ஒவ்வொன்றின் எதிரிலும், "அப்போது எனக்கு என்ன தேவைப்பட்டது?" என்று எழுதிக்கொண்டேன். விடைகள் செயல்களாகவே வந்தன. குறை சொல்ல வேண்டுமெனில் தலைமையாசிரியர் அறையில், தனியாகச் சொல்ல வேண்டும். யார் எத்தனை மாற்றுப் பாடவேளைகள் எடுத்தார் என்ற பட்டியல், எல்லோர் பார்வையிலும் இருக்க வேண்டும். கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் ஆசிரியர்களுக்கு உரியது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பட்ட வருத்தத்துக்கு நேரெதிராக நடப்பது தீர்வாகிவிடாது. கடுமையால் வருந்தியவர், தான் பொறுப்புக்கு வந்ததும் எதையும் கேட்காமல் விட்டுவிட்டால், தாமதமாக வருபவரின் வகுப்பையும் நேரத்துக்கு வருபவரே பார்க்க நேரும். அங்கே புதிதாக ஒரு மனத்தாங்கல் தொடங்கும். எனவே, "இப்படி மாற்றினால் சுமை யார் மீது விழும்?" என்ற கேள்வியையும் தாளில் சேர்த்திருக்கிறேன்.

ஆசிரியத் தோழர்களே, பொறுப்புக்கு வருமுன்பே இப்படி ஒரு தாள் எழுதிவையுங்கள். நாற்காலியில் அமர்ந்தபின் பழைய வருத்தங்கள் எளிதில் மறந்துபோகும். முதல் பருவம் முடிந்ததும், பள்ளியின் இளைய ஆசிரியரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, "இதில் எதெல்லாம் இங்கே நடக்கிறது?" என்று கேளுங்கள். அவர் தயங்காமல் பதில் சொல்லும் சூழலை உருவாக்குவதும் நம் பொறுப்பே.