மலிவுதான் இந்த கிட்டாரோட சத்தம்: டேன்எலக்ட்ரோ 59

முதல்ல இந்தச் சத்தத்தைக் கேளுங்க.

(கிட்டாரின் முகப்பை விரல் முட்டியால் தட்டுகிறார்)

டொக் டொக்னு கேக்குது இல்லையா? எலக்ட்ரிக் கிட்டார்னாலே உள்ள கெட்டியான மரக்கட்டை இருக்கும்னுதான் நினைப்போம். ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தட்டினா இப்படிக் கேக்காது. இதுக்குள்ள நிறைய இடம் காலியா இருக்கு. மேல இருக்கறது மரப்பலகையும் இல்ல, ஹார்ட்போர்டு. பள்ளிக்கூடத்துல பரீட்சைக்குக் கிளிப் வெச்ச அட்டை எடுத்துட்டுப் போவோமே, ஒரு பக்கம் பழுப்பா வழவழன்னு இருக்கும், இன்னொரு பக்கம் சொரசொரன்னு இருக்கும், அதே சரக்குதான்.

இது டேன்எலக்ட்ரோ 59. 1950கள் முடியுற நேரத்துல அமெரிக்காவுல நியூ ஜெர்சியில செஞ்ச ஒரு கிட்டாரோட ரீஇஷ்யூ. பழைய மாடல் எண் 3021. ரெண்டு பக்கமும் குட்டைக் கொம்பு, நடுவுல வெள்ளி மாதிரி பளபளன்னு ரெண்டு குழாய். அந்தக் குழாய்தான் பிக்கப்.

பழைய கிட்டார்களோட ரீஇஷ்யூன்னு இப்ப ஏகப்பட்டது வருது. அதுல மலிவானது எதை எடுத்தாலும் ஒரு கேள்வி வரும்: விலையைக் குறைக்க எதை விட்டுட்டாங்க? 1959 லெஸ் பால் சன்பர்ஸ்ட்டை எடுத்துக்குங்க. அசலுக்கு இன்னைக்கு லட்சக்கணக்கான டாலர் குடுக்குறாங்க. அதை மலிவு விலையில செய்யணும்னா மரத்துல கை வைக்கணும், ஃபினிஷ்ல கை வைக்கணும், பிக்கப்ல கை வைக்கணும். உருவம் அப்படியே வரும், உள்ள இருக்கற பொருள் வேற. ஆனா டேன்எலக்ட்ரோ விஷயத்துல இந்தக் கேள்வியே வேற மாதிரி ஆயிடுது. ஏன்னா அசலே மலிவு கிட்டார்தான். எப்படி மலிவாச் செஞ்சாங்களோ, அதுலேருந்துதான் இதோட சத்தமே பிறந்துச்சு. அந்தச் சிக்கனத்தை அப்படியே திரும்பச் செஞ்சா, சத்தமும் திரும்ப வந்துடுது.

எப்படின்னு உள்ள போய்ப் பார்ப்போம்.

இதை உருவாக்கினவர் நேதன் டேனியல், எல்லாரும் நேட்னு கூப்பிடுவாங்க. 1912ல நியூயார்க்கில பிறந்தவர். அடிப்படையில ஆம்ப்ளிஃபையர் ஆளு. 1930கள்லயே எபிஃபோன் கம்பெனிக்கு ஆம்ப் செஞ்சு குடுத்தார். 1947ல டேன்எலக்ட்ரோவை ஆரம்பிச்சு, மான்ட்கோமரி வார்டு, சியர்ஸ் மாதிரி தபால்ல பொருள் அனுப்புற பெரிய கடைகளுக்கு ஆம்ப் செஞ்சார். கிட்டார் பக்கம் வந்ததே 1954லதான். அதாவது தச்சுப் பட்டறையிலேருந்து வந்த மனுஷன் இல்ல, மின்சாரத்திலேருந்து வந்தவர். அதனால அவர் கேட்ட கேள்வியே வேற. கம்பி அதிருது, பிக்கப் அந்த அதிர்வை மின்சாரமா மாத்துது, ஆம்ப் அதைப் பெருசாக்குது. இதுக்கு விலையுயர்ந்த கெட்டி மரம் எதுக்கு?

அவர் செஞ்சதைப் பாருங்க. மலிவு மரத்துல ஒரு சட்டம். கழுத்து சேர்ற இடத்திலேருந்து பிரிட்ஜ் வரைக்கும் நடுவுல கட்டை. அது மேலயும் கீழயும் ஹார்ட்போர்டை ஒட்டினார். அமெரிக்காவுல இதுக்கு மேசனைட்னு பேரு, வில்லியம் மேசன்ங்கறவர் 1920கள்ல கண்டுபிடிச்சது. ஒட்டினதும் ஓரத்துல சட்டமும் அட்டையும் சேர்ற கோடு தெரியும். அதை இழைச்சு, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சு மறைக்கணும்னா வேலையும் நேரமும் செலவு. அவர் ஒரு வினைல் டேப்பைச் சுத்தி ஒட்டிட்டார்.

(கேமரா கிட்டாரின் ஓரத்துக்கு நெருக்கமாக)

என் ரீஇஷ்யூலயும் அந்த டேப் இருக்கு பாருங்க. விரலை ஓட்டினா துணி நெசவு மாதிரி ஒரு சொரசொரப்பு. கீழ பெல்ட் பட்டன் இருக்கற இடத்துல ரெண்டு முனையும் வந்து சேருது. இதைப் பாத்துட்டு நண்பர் ஒருத்தர் "என்னங்க, டேப் எல்லாம் ஒட்டியிருக்கு"ன்னார். அசல்லயும் டேப்தாங்க. இங்க பளபளன்னு பெயின்ட் அடிச்சிருந்தாதான் தப்பு.

கழுத்துக்குள்ள ரெண்டு இரும்புச் சட்டம் வெச்சார், வளையாதுன்னு. அதைத் திருகிச் சரி பண்ற வசதி கிடையாது. கழுத்தோட மேல் முனையில கம்பிகள் உக்கார்ற நட்டை அலுமினியத்துல செஞ்சார். அதனாலதான் எதையும் அமுக்காம கம்பியைச் சும்மா தட்டினாக்கூட ஒரு கணீர்னு சத்தம். பிரிட்ஜ் ஒரு உலோகத் தகடு, அது மேல ரோஸ்வுட்ல ஒரு சின்னத் துண்டு. ஆறு கம்பிக்கும் சேர்த்து அந்த ஒரே துண்டுதான்.

இப்ப பிக்கப். நான் ரொம்ப நேரம் பேசப் போறது இதைப் பத்திதான்.

வழக்கமான பிக்கப்ல ஒரு பாபின் இருக்கும், அதுல தாமிரக் கம்பி சுத்தியிருக்கும், நடுவுல காந்தம். நேட் பாபினையே எடுத்துட்டார். நீளமான அல்நிகோ காந்தக் கட்டை, அது மேல டேப், அது மேல நேரா தாமிரக் கம்பி, திரும்பவும் டேப், அவ்வளவுதான். வெளிமின்சார இரைச்சல் ஏறாம இருக்க இதைச் சுத்தி ஒரு உலோக உறை வேணும். அதுக்குன்னு புதுசா அச்சு செஞ்சா காசு. லிப்ஸ்டிக் உறைக்குச் செஞ்ச குழாய் சந்தையில கிடைச்சுது, சரியான அளவு, பளபளப்பு வேற. சுருளை அதுக்குள்ள நுழைச்சு ரெண்டு பக்கமும் மூடிட்டார். இன்னைக்கு வரைக்கும் இதுக்கு லிப்ஸ்டிக் பிக்கப்னுதான் பேரு.

இது சிக்கனத்துக்காகச் செஞ்சதுதான். ஆனா விளைவைப் பாருங்க. சுத்து கம்மி, அதனால மின்தடை சுமார் 4 கிலோ ஓம்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் கிட்டத்தட்ட 6 கிலோ ஓம் வரும். சுத்து கம்மின்னா சத்தம் கொஞ்சம் மெலிசு, ஆனா மேல் ஸ்தாயி நல்லாத் திறந்து வரும். உள்ள காலியான உடம்பு அதோட ஒரு காத்தோட்டத்தைச் சேர்க்குது.

(கழுத்துப் பக்க பிக்கப்பில் ஒரு கார்டு)

கேட்டீங்களா? மணி மாதிரியும் இல்ல, அகூஸ்டிக் மாதிரியும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல.

சரி, ஒரு பிக்கப் மெலிசுன்னா மேடையில பத்துமா? இங்கதான் அந்த எலக்ட்ரிக்கல் மூளை வேலை செஞ்சிருக்கு. டெலிகாஸ்டர், லெஸ் பால், எதுலயும் ஸ்விட்ச்சை நடுவுல வெச்சா ரெண்டு பிக்கப்பும் பேரலலா சேரும். சத்தம் கூடாது, குணம் மட்டும் மாறும். டேன்எலக்ட்ரோவுல நடுவுல வெச்சா ரெண்டும் சீரிஸ்ல சேரும். 4ம் 4ம் 8. திடீர்னு கிட்டார் தடிமனாகி முன்னாடி வந்து நிக்குது.

(பிரிட்ஜ் பிக்கப், பிறகு நடு நிலை, அதே வரி)

பெடல் எதையும் மிதிக்கல, ஆம்பைத் தொடல. ஆம்ப் ஏற்கெனவே கொஞ்சம் கரகரக்கற நிலையில இருந்தா, இந்த ஒரு ஸ்விட்ச்லயே சோலோவுக்குப் போயிடலாம். இந்த கிட்டாரை நான் வெச்சிருக்கறதுக்கு முதல் காரணமே இந்த நடு நிலைதான்.

இதோட மதிப்பு பெரிய கலைஞர்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஜிம்மி பேஜ் மேடையில "காஷ்மீர்" வாசிக்க எடுத்தது கறுப்பு 3021தான். கம்பிகளை டி, ஏ, டி, ஜி, ஏ, டின்னு ட்யூன் பண்ணி வாசிப்பார். லெஸ் பால் கையில இருந்தும் அந்தப் பாட்டுக்கு இதை எடுத்தார். ஸ்டீவி ரே வானோட "சார்லி"ங்கற வெள்ளை கிட்டார் உருவத்துல ஸ்ட்ராட் மாதிரி, ஆனா அதுல இருந்தது மூணு லிப்ஸ்டிக் பிக்கப். ஜெர்ரி கார்சியா கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1957ல அவரோட பதினஞ்சாவது பிறந்தநாளுக்கு அம்மா ஒரு அக்கார்டியன் வாங்கிக் குடுத்தாங்க. பையன் கெஞ்சிக் கூத்தாடி, அடகுக்கடையில அதைக் குடுத்துட்டு ஒரு டேன்எலக்ட்ரோ வாங்கிட்டார்.

அந்த மாதிரி பசங்களுக்காகத்தான் இது செஞ்சது. சியர்ஸ் கடைக்கு சில்வர்டோன்ங்கற பேர்ல நேட் செஞ்சு குடுத்த 1448 மாடலை நினைச்சுப் பாருங்க. 1962ல வந்துச்சு. கிட்டார் வெச்சு எடுத்துட்டுப் போற பெட்டியிலேயே ஆம்பும் ஸ்பீக்கரும் பொருத்தியிருக்கும். பெட்டியைத் திறந்து நிமிர்த்தி வெச்சு, வயரைச் சொருகினா வாசிக்கலாம். விலை 67 டாலர் 95 சென்ட். பட்டிக்காட்டுல உக்காந்துட்டு கேட்லாக் பாத்து, தபால்ல வரவழைக்கலாம். ஒரு தலைமுறை அமெரிக்கப் பசங்க இதுலதான் முதல் கார்டு பிடிச்சாங்க.

1966ல எம்சிஏ கம்பெனி டேன்எலக்ட்ரோவை வாங்குச்சு. அடுத்த வருஷம் கோரல்னு ஒரு பிராண்டு, அதுல வின்சென்ட் பெல்ங்கற ஸ்டூடியோ கலைஞரோட சேர்ந்து எலக்ட்ரிக் சித்தார் வந்துச்சு. சித்தார்ல இருக்கற மாதிரி அகலமான, லேசா வளைஞ்ச பிரிட்ஜ் மேல கம்பி உரசி ரீங்காரம் குடுக்கும். அதுலயும் லிப்ஸ்டிக் பிக்கப்தான். ஆனா 1969ல தொழிற்சாலையே மூடியாச்சு. நேட் பிற்காலத்துல ஹவாய்க்குப் போய்ப் படகு வடிவமைக்கறதுல இறங்கினார், 1994ல காலமானார். 90கள்ல எவெட்ஸ்ங்கற நிறுவனம் அந்தப் பேரை வாங்கி, முதல்ல பெடல்களையும், 1998 வாக்குல கிட்டார்களையும் கொண்டு வந்துச்சு. கொரியாவுல செஞ்சது, விலை சுமார் 300 டாலர். அதை அவர் பாக்கலையேன்னு எனக்கு நிஜமாவே வருத்தம் உண்டு.

சரி, இந்த ரீஇஷ்யூவுல எது மாறியிருக்கு? கழுத்துக்குள்ள இப்ப ட்ரஸ் ராட் இருக்கு. வெயில் காலத்துலயும் மழைக் காலத்துலயும் கழுத்து கொஞ்சம் அசைஞ்சா திருகிச் சரி பண்ணிக்கலாம். பழசுல இது முடியாது. ட்யூனரும் நல்லா நிக்குது. இந்த ரெண்டு மாற்றத்தையும் நான் முழு மனசோட வரவேற்கறேன். வாசிக்கறவனுக்கு உதவி, சத்தத்துக்குக் கெடுதல் இல்ல.

ஆனா பேர் 59னு இருக்கறதால எல்லாம் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. வருஷத்துக்கு வருஷம், மாடலுக்கு மாடல் மாத்தியிருக்காங்க. சிலதுல பழைய மாதிரி ரோஸ்வுட் துண்டு பிரிட்ஜ், சிலதுல ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியா நகர்ற உலோக பிரிட்ஜ். அதனால கடைக்குப் போனா ஆம்ப்ல சொருகி ஸ்விட்ச்சை நடுவுல வைங்க. சத்தம் சட்டுன்னு ஏறணும். ஏறலைன்னா சீரிஸ் இணைப்பு இல்ல. அப்படி ஒண்ணை நான் வாங்க மாட்டேன், எவ்வளவு அழகா இருந்தாலும்.

இது எல்லாத்துக்கும் ஆகற கிட்டார் இல்லங்கறதையும் சொல்லிடறேன். காலியான உடம்பு, அதனால டிஸ்டார்ஷனை முழுசா ஏத்தி ஆம்ப் பக்கத்துல நின்னீங்கன்னா கூவ ஆரம்பிச்சுடும். மெட்டல் வாசிக்கறவங்களுக்கு இது வேண்டாம். பிக்கப்ல ஒரே சுருள், அதாவது சிங்கிள் காயில், அதனால டிம்மர் போட்ட லைட் பக்கத்துல நின்னா உறுமும், நீங்க திரும்பி நிக்கற கோணத்தைப் பொறுத்து அது குறையும். ஈரம் ஹார்ட்போர்டுக்கு ஆகவே ஆகாது, ஓரத்துல தண்ணி இறங்கினா உப்பிடும். வாசிச்சு முடிச்சதும் வேர்வையைத் துடைச்சு உறைக்குள்ள வைங்க. டேப் எங்கயாவது எழும்பியிருந்தா உடனே ஒட்டிடுங்க.

இனி செட்டப். வாங்கினவங்க பாதிப் பேர் "மூணாவது கம்பி சுருதி சேரவே மாட்டேங்குது"ம்பாங்க. திறந்து வாசிச்சா சரியா இருக்கும், மேல ஃப்ரெட்ல பிடிச்சா ஏறிப் போயிடும். கிட்டார் மேல குத்தம் இல்ல. இந்த நேரான மரத்துண்டு பிரிட்ஜ் வந்த காலத்துல மூணாவது கம்பியும் சுத்தின கம்பிதான், அதாவது மேல இன்னொரு கம்பி சுருட்டினது. இப்ப நாம போடுற மெல்லிசு செட்ல அது வெறும் கம்பி. அதுக்குக் கூடுதல் நீளம் வேணும், நேரான துண்டு அதைக் குடுக்காது. மூணாவது சுத்தின கம்பியா வர்ற 11 நம்பர் செட் போட்டுப் பாருங்க. அப்புறம் பன்னிரண்டாவது ஃப்ரெட்ல ட்யூனர் வெச்சுப் பாத்துக்கிட்டே, மரத்துண்டைக் கொஞ்சம் சாய்வாத் திருப்புங்க. தடிச்ச கம்பி பக்கம் பின்னாடி போகணும். ஆறும் நூத்துக்கு நூறு வராது, ஆனா கார்டு இனிக்கும்.

பிக்கப் உயரத்தை எங்க திருகறதுன்னும் நிறையப் பேர் தேடுவாங்க. முன்பக்கம் திருகாணியே இருக்காது. கிட்டாரைத் திருப்புங்க.

(கிட்டாரின் முதுகுப் பக்கத்தைக் காட்டுகிறார்)

இதோ, ஒவ்வொரு குழாய்க்கும் ரெண்டு. உடம்பைத் துளைச்சுப் போய் அந்தப் பக்கம் குழாயைப் பிடிச்சிருக்கு. முதல்ல பிரிட்ஜ் பிக்கப்பைக் கம்பிக்குப் பக்கத்துல கொண்டு வாங்க. கழுத்துப் பக்கம் இருக்கறதைக் கொஞ்சம் இறக்குங்க. ரெண்டும் தனித்தனியா ஒரே அளவு சத்தம் குடுக்கற வரைக்கும் மாத்தி மாத்தித் திருகுங்க. அதுக்கப்புறம் ஸ்விட்ச்சை நடுவுல தள்ளி வாசிங்க. உங்க கிட்டார்ல அந்த நடு நிலை எப்படிக் கேக்குதுன்னு கமென்ட்ல எழுதுங்க, எந்த ஆம்ப், எந்த ஸ்ட்ரிங் செட்னு சேர்த்துப் போடுங்க.