க்ரீம் ட்யூபை நாய் கடிச்சிடுச்சா? உப்புத் தண்ணி ஊத்தாதீங்க!

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், ஹால் நடுவில் மென்று துப்பிய க்ரீம் ட்யூப். பக்கத்திலேயே ஒண்ணுமே தெரியாத மாதிரி வாலாட்டிக்கிட்டு நிற்கிறான் நம்ம பையன். நாய் வளர்க்கிறவங்களுக்கு இது புதுசில்லை.

பனமரத்துப்பட்டியோ சென்னையோ, இந்த நேரத்தில் பலர் சொல்வது ஒன்றுதான்: ‘உப்பைக் கரைச்சு ஊத்து, வாந்தி எடுத்துடும்.’ தயவுசெய்து வேண்டாம். ரத்தத்தில் சோடியம் எகிறி வலிப்பு வரைக்கும் போகலாம். எண்ணெய்ப் பசையுள்ள க்ரீம், வாந்தியோடு மேலே வரும்போது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா தனிக்கதை. பாலும் பச்சை முட்டையும் விஷத்தை முறிக்காது. வாந்தி தேவையா என்பதை கால்நடை டாக்டர் முடிவு செய்யட்டும். அதற்கு அவரிடம் ஊசி இருக்கிறது.

வாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ட்யூபை எடுத்து போட்டோ பிடியுங்கள். மூடி கிடைக்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், குடலில் அடைக்கலாம்.

எந்த க்ரீம்? அதில்தான் விஷயமே இருக்கு

பெட்ரோலியம் ஜெல்லி, சாதா மாய்ச்சரைசர் என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாந்தி, வயிற்றுப்போக்கோடு போய்விடும். குழந்தைகளின் டயப்பர் க்ரீமிலும் காலமைனிலும் இருக்கும் ஜிங்க் ஆக்சைடு வயிற்றைப் புரட்டும். அதிகமாக நக்கியிருந்தால் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கலாம். ஈறு வெளிறியிருக்கா என்று பாருங்கள். மூட்டுவலிக்குத் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியையும் கெடுக்கும்.

ரொம்பவே பயப்பட வேண்டியது சோரியாசிஸுக்குத் தரும் கால்சிபோட்ரியால். இது வைட்டமின் டி வகை. கால்சியத்தை ஏற்றி கிட்னியைப் பதம் பார்க்கும். சிக்கல் என்னவென்றால், முதல் நாள் நாய் ஜாலியாகத் திரியலாம். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று விட்டுவிட்டால், சோர்வும் அடங்காத தாகமும் தெரியும்போது ஒன்றிரண்டு நாள் ஓடியிருக்கும்.

ஃப்ளூரோயூராசில் நேர் எதிர், காத்திருக்காது. சருமப் புற்றுநோய்க்குத் தரும் இந்த க்ரீமைத் தின்று ஐந்து நாய்கள் இறந்ததாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2017 ஜனவரியில் எச்சரித்தது. அதில் ஒரு வீட்டில், இரண்டு நாய்கள் ட்யூபை வைத்து விளையாடியிருக்கின்றன. ஓனர் பிடுங்குவதற்குள் ஒன்று கடித்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி, வலிப்பு. 12 மணி நேரத்தில் உயிர் போய்விட்டது.

நாம் தடவிய கையை நக்குவதும் இதில் சேர்த்திதான். இப்படிப்பட்ட மருந்து பூசினால், பூசிய இடத்தைச் செல்லம் நக்க விடாதீங்க.

டாக்டருக்கு போன் போட்டதும் நாலு விஷயம் சொல்லுங்கள்: மருந்தின் பெயர், ட்யூபில் எத்தனை கிராம், எத்தனை மணிக்கு, நாயின் எடை. பனமரத்துப்பட்டி பக்கம் இருப்பவர்கள், சேலத்தில் டாக்டர் கிடைக்கவில்லை என்றால் மல்லூர் தாண்டி நாமக்கல் ரோட்டைப் பிடியுங்கள். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகம் இருக்கிறது. போன் பண்ணிவிட்டுக் கிளம்புங்கள். கடித்த ட்யூபையும் மறக்காமல் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கோங்க.