கொழுந்துக்கும் ஒரு பதிவேடு: செலவு யாருடையது?

இராகலையிலோ உடப்புசல்லாவையிலோ உள்ள பெருந்தோட்டமொன்றின் கொழுந்து எந்த மலையில் பறிக்கப்பட்டதென்று கேட்டால், தொழிற்சாலையில் பதிவேட்டைப் புரட்டிப் பதில் கூறிவிடுவார்கள். வலப்பனையின் சிறு தேயிலைத் தோட்டக்காரர் ஒருவரின் கொழுந்தைப் பற்றி அவ்வாறு கூறுவது எளிதன்று. லொறியில் ஏறித் தொழிற்சாலையை அடைவதற்குள் அது பலருடைய கொழுந்தோடு கலந்துவிடுகின்றது.

உலகச் சந்தை இக்கலப்பை இப்போது சந்தேகத்துடன் நோக்குகின்றது. அதற்கு ஒரு வரலாறுண்டு. 1999ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் கால்நடைத் தீவனத்தில் டயொக்சின் என்னும் நச்சுப்பொருள் கலந்தது. எந்தெந்தப் பண்ணைகளுக்கு அத்தீவனம் சென்றதென உடனடியாக அறிய முடியாமையால் கோழி இறைச்சியும் முட்டையும் பெருமளவில் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. இத்தகைய அனுபவங்களின் பின்னரே ஐரோப்பிய ஒன்றியம் 178/2002ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றி, 2005 ஜனவரி முதல் உணவுக்கும் தீவனத்துக்கும் வழித்தடப் பதிவைக் கட்டாயமாக்கியது. யாரிடம் வாங்கினீர், யாருக்கு விற்றீர் என்ற இரு கேள்விகளோடு அச்சட்டம் நின்றுவிடுகின்றது. கொள்வனவாளர்களோ தோட்ட எல்லைவரை விசாரிக்கின்றனர்.

அவ்விசாரணை நியாயமற்றதெனத் தள்ளிவிட முடியாது. 2015இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டதும் வேறு களைநாசினிகள் தோட்டங்களுக்குள் புகுந்தன. எம்.சி.பீ.ஏ. என்ற களைநாசினியின் எச்சம் எமது தேயிலையில் இருப்பதாக ஜப்பான் ஆட்சேபித்தது. தனி வரம்பு விதிக்கப்படாத இரசாயனங்களுக்கு 2006 முதல் அந்நாடு அனுமதிக்கும் அளவு கிலோவொன்றுக்கு 0.01 மில்லிகிராம் மாத்திரமே. தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் தடை 2018இல் நீக்கப்பட்டது. எனினும் கலந்த கொழுந்தில் தவறு யாருடையதெனப் பிரித்தறிய வழியில்லாதவரை, ஒருவர் தெளித்ததற்கு ஊரே பதில்சொல்ல நேரிடும்.

பதிவு அவசியமே. அதன் செலவை யார் ஏற்பது என்பதுதான் எமது கேள்வி. நாட்டின் தேயிலை உற்பத்தியில் பெரும்பங்கைத் தருபவர்கள் சிற்றுடைமையாளர்களே. ஒவ்வொருவரின் சாக்கையும் பெயரிட்டுத் தனியே ஏற்றுவது, மருந்தடித்த திகதியைக் குறித்துவைப்பது, மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது அனைத்தும் பணத்தையும் நேரத்தையும் விழுங்குபவை. விற்பனைப் பெறுமதியில் 68 சதவீதம் கொழுந்து வழங்குநருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்பதே கொழுந்து விலைச் சூத்திரம். பதிவுச் செலவுக்கென அதில் தனி இடமில்லை. ஈரத்துக்கும் சாக்குக்குமென நிறையில் கழிக்கப்படும் வழக்கம் ஏற்கெனவே உள்ளபோது, இச்செலவும் இன்னொரு கழிவாக வந்துசேராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எச்சப் பரிசோதனையைச் சிற்றுடைமையாளர்களுக்கு இலவசமாகச் செய்துகொடுக்கத் தேயிலைச் சபை முன்வர வேண்டும். வழித்தடம் கேட்கும் கொள்வனவாளரிடம் அதற்கான மேலதிக விலையைக் கேட்டுப் பெறுவது ஏற்றுமதியாளர்களின் பொறுப்பாகும். அவ்விலையில் 68 சதவீதமாவது வலப்பனைக்குத் திரும்பிவர வேண்டும்.