தீவனத்தில் சேரும் நுண்ணுயிர்கள்

முட்டையோட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும் கோழிக்குஞ்சின் குடல், குடியேற ஆளில்லாத புதுமனை போன்றது. அங்கே நல்ல நுண்ணுயிர்கள் முந்திக் குடிபுகுந்தால், தீயவற்றிற்கு இடம் கிட்டுவது அரிது. பின்லாந்து நாட்டு அறிஞர்களான நூர்மியும் ரன்டாலாவும் 1973-ஆம் ஆண்டில் இதனைச் சோதனையால் காட்டினர். வளர்ந்த கோழியின் குடலில் வாழும் நுண்ணுயிர்களைக் குஞ்சுகளுக்கு ஊட்டவே, அவை சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமியைத் தடுத்து நின்றன.

கோழிக்கும் பன்றிக்கும் இடும் தீவனத்தில் நன்மை தரும் பாக்டீரியாக்களைக் கலக்கும் வழக்கம் பரவியதற்கு வேறொரு காரணமும் உண்டு. விலங்குகள் விரைந்து கொழுக்கும்பொருட்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தீவனத்தில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் தடை செய்தது. மருந்து விட்டுச்சென்ற இடத்திற்குப் பாக்டீரியா வந்தது.

நன்மை தருவதென விற்போர் கூறினால் மட்டும் போதுமோ? போதாது. இத்தாலியின் பார்மா நகரிலுள்ள ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிஞர் குழு அதனை முன்னரே ஆராய்கின்றது. பாக்டீரியா எவ்வினத்தது, அவ்வினத்துள்ளும் எவ்வகையினது என ஐயமற அறிதல் வேண்டும். ஓரினத்திலேயே ஒன்று சாதுவாகவும் மற்றொன்று நஞ்சு சுரப்பதாகவும் இருத்தல் கூடும். நெடுங்காலமாக நன்கறியப்பட்ட இனங்களை விலங்குகளுக்கு மிகுதியாக ஊட்டிச் சோதிக்க வேண்டுவதில்லை. ஏனையவற்றை உரிய அளவினும் பன்மடங்கு கலந்து ஊட்டிப் பார்ப்பர். தீவனத்தைக் கலக்கும் தொழிலாளரின் மூச்சில் அத்தூள் புகுமே என்பதும் அவர்கள் கருத்தில் உண்டு.

இவையனைத்தினும் நுட்பமானது, அப்பாக்டீரியா எம்மருந்துக்கு மடியாது என்னும் வினா. இயற்கையிலேயே ஓரினம் முழுவதும் ஒரு மருந்துக்கு மடியாதிருத்தல் வேறு. வெளியிலிருந்து பெற்ற மரபணுவால் மடியாதிருத்தல் வேறு. பின்னது கைமாறக்கூடியது. கோழியின் குடலில் நல்ல பாக்டீரியா தன் மரபணுவை நோய்க்கிருமிக்கு ஈந்துவிடின், பின்னொரு நாள் நோயுற்ற மனிதருக்கு அம்மருந்து பயன்படாது போகும். கோழிக்கோ யாதொரு தீங்கும் நேர்ந்திராது! ஆதலின் கோழியின் நலத்தை மட்டும் கண்டு முடிவு கூறல் இயலாது.

டோயோசெரின் என்னும் பொருளின் வரலாறு இதற்குச் சான்று. பாசில்லஸ் சீரியஸ் என்னும் இனத்தைச் சார்ந்த பாக்டீரியாவால் ஆகிய அது, கோழி, பன்றி, முயல் முதலியவற்றிற்கு ஐரோப்பாவில் பல்லாண்டுகள் இசைவுடன் வழங்கிவந்தது. 2012-ஆம் ஆண்டில் அறிஞர் குழு அதனை மீண்டும் ஆராய்ந்தது. டெட்ராசைக்ளின், குளோராம்பெனிக்கால் என்னும் இரு மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் அதனிடம் இருந்தன. குடலுக்குக் கேடு செய்யும் நஞ்சினை ஆக்கும் திறனும் இருந்தது. 2013-இல் இசைவு நிறுத்திவைக்கப்பட்டது, 2015-இல் மறுக்கப்பட்டது.

2018-ஆம் ஆண்டில் ஆணையம் வகுத்த நெறிமுறையின்படி, பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை முழுதும் படித்தறிந்து, அதன் விவரத்தை விண்ணப்பத்துடன் அளித்தல் வேண்டும். ஆய்வாளர் அதில் முதற்கண் தேடுவது இத்தகைய மரபணுக்களையே.