டுரியான் விழும்வரை பொறு! ஜொகூர் காடு சொல்லும் அதிசயங்கள் தெரியுமா?

ஜொகூர் பாலத்து வாகன நெரிசலில் தினமும் நிற்பவர்களுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை! ஆனால் அதே ஜொகூரில் வெளிச்சத்துக்காக ஆண்டுக்கணக்கில் நிற்கும் நாற்றும் இருக்கிறது, தாய்மரத்தில் தொங்கியபடியே முளைவிடும் விதையும் இருக்கிறது. ஹாரன் அடிக்காமல் காத்திருப்பது எப்படி என்று அவற்றிடம் கேட்டுப் பார்ப்போமா?

குரங்கின் பானையில் குடிநீர்!

ஜொகூரின் மிக உயரமான மலை குனோங் லேடாங். 1,276 மீட்டர்! அன்றைய ஆங்கிலேயருக்கு அது ஓபிர் மலை. 1854-இல் அதன்மீது ஏறியவர் யார் தெரியுமா? டார்வினைப் போலவே பரிணாமக் கொள்கையைத் தானாகக் கண்டடைந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ்! வழியில் பாடாங் பத்து என்ற பாறைவெளியில் தண்ணீர் கிடைக்கும் என்றார்கள். தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. தாகமோ தாங்கவில்லை. கடைசியில் கைகொடுத்தவை அங்கே முளைத்திருந்த குடுவைச் செடிகள். மலாய்க்காரர்கள் இவற்றைப் 'பெரியோக் கெரா' என்பார்கள், அதாவது குரங்கின் பானை. உள்ளே பூச்சிகள் மிதந்தன. குடித்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக, ஆனால் நன்றாகவே இருந்ததாம்!

அந்தச் செடி வளர்வது சத்தில்லாத மண்ணில். அது மண்ணை நொந்துகொள்ளவில்லை. இலை நுனியையே பானையாக்கி, விளிம்பை வழுக்கலாக்கி வைத்துவிட்டுப் பூச்சிகள் தாமாக வந்து விழும்வரை நிற்கிறது. ஏற்பாட்டை முடித்துவிட்டுக் காத்திருக்கும் சாமர்த்தியம்!

ஏழு தட்டு கொசு இருதயம்!

அதே மலையில் ஓர் இளவரசி வாழ்ந்தாள் என்கிறது மலாய்க் கதை. மலாக்கா சுல்தான் மஹ்முட் ஷா பெண் கேட்டு ஆள் அனுப்பினார். இளவரசி கேட்ட சீர்வரிசை என்ன தெரியுமா? மலாக்காவிலிருந்து மலைவரை தங்கப்பாலம் ஒன்று, வெள்ளிப்பாலம் ஒன்று, ஏழு தட்டு கொசு இருதயம், ஏழு தட்டு கண்ணுக்கே தெரியாத பூச்சிகளின் இருதயம், தொட்டி நிறையக் கண்ணீர்... கடைசியாக, சுல்தானின் இரத்தம் ஒரு கிண்ணம், அவர் மகனின் இரத்தம் ஒரு கிண்ணம்! மற்றதெல்லாம் ஆகும், இரத்தம் மட்டும் ஆகாது என்று சுல்தான் ஆசையை விட்டார். கொசுக்கள் பிழைத்தன! எதற்காகக் காத்திருக்கலாம், எதைக் கைவிடலாம் என்று தெரிந்துகொள்வதும் பொறுமையில் ஒரு பாதிதான்.

இருபது வருடம் தேடியும் காணாத பறவை!

'குவாங் ராயா' என்ற ஆர்கஸ் பறவை மயிலுக்குச் சொந்தம். சிறகெல்லாம் கண் கண்ணாகப் புள்ளிகள்! இருபது வருடம் இந்தக் காடுகளில் நாள்தோறும் பறவை சுட்டுவந்த முதிய வேட்டைக்காரர் ஒருவர், உயிரோடு காட்டில் திரியும் ஆர்கஸைத் தாம் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று வாலஸிடம் சொன்னார். பிடிபட்ட பிறகு பார்த்ததோடு சரி! ஆண்பறவை என்ன செய்யும் தெரியுமா? காட்டுத்தரையில் ஓரிடத்தைச் சருகு, குச்சி இல்லாமல் பெருக்கி வைத்துவிட்டு, பெண்பறவைக்காகக் கூவிக்கொண்டே இருக்கும். விருந்தாளி வருவதற்கு முன்பே வாசல் தெளித்துவிடும் வீடு!

காடே சேர்ந்து பூக்கும்!

மெராந்திப் பலகையில் செய்த கதவு உங்கள் வீட்டில் இருக்கலாம். எண்டாவ் ரொம்பின் போன்ற காடுகளில் வளரும் அந்த மர வகைகள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு வருடமும் ஆகலாம், பத்து வருடமும் ஆகலாம்! வறட்சியோ குளிர்ந்த இரவுகளோ வந்தால், காடே சொல்லிவைத்தாற்போல் பூக்கிறது. விதைகள் இறக்கை சுழலச் சுழல இறங்குகின்றன. பன்றியும் எலியும் வயிறு புடைக்கத் தின்றாலும் மிச்சம் கிடக்கும். அதன்பிறகும் அவசரமில்லை! முளைத்த நாற்று பெருமரங்களின் நிழலில் குட்டையாகவே பல ஆண்டு நிற்கும். ஒரு கிழமரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்த அன்றுதான் விறுவிறுவென்று வளரத் தொடங்கும்.

பிறக்கும்போதே முளைத்த பிள்ளை!

பொந்தியான் பக்கம் இருக்கும் தஞ்சோங் பியாய், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி! அதன் அலையாத்திக் காடு 2003-இல் உலக ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இங்குள்ள பாக்காவ் மரம் (தமிழ்நாட்டுப் பிச்சாவரத்துச் சுரபுன்னையின் உறவு) விதையை உடனே உதிர்க்காது. கிளையிலேயே முளைக்கவிட்டு, முருங்கைக்காய் போல நீளும்வரை மாதக்கணக்கில் சுமக்கும். உப்பும் அலையும் உள்ள சேற்றில் வெறும் விதை என்ன செய்யும்? தயாரான பிள்ளையைத்தான் வெளியே அனுப்புகிறது. சேறு கிடைத்தால் ஊன்றும். கிடைக்காவிட்டால் மிதந்தபடியே வேறு கரை தேடும்!

டுரியானைப் பறிக்காதே!

டுரியான் பூ மாலையில் விரியும், இரவில் வௌவால் வந்து மகரந்தம் சேர்க்கும். மூன்று நான்கு மாதம் கழித்துப் பழம் பழுக்கும். அப்போதும் நம் மலேசியத் தோப்புக்காரர்கள் கத்தியோடு மரமேறுவதில்லை. தானாக விழட்டும் என்று காவல் இருக்கிறார்கள். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுக்கிறார்கள். அந்த வாசனையே சாட்சி!

ஒரு மில்லிமீட்டர் பாடம்!

1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த தாவரவியலாளர் ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளிடம் மன்றாடினார். கிடைத்த பட்டம் 'பைத்தியக்கார ரிட்லி'! மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் முறையை வகுத்தவரும் அவரே. நட்டால் பால் வர ஐந்தாறு வருடம் ஆகும். பின்னாளில் மலாயாவே ரப்பர் காடானது. பட்டம் கொடுத்தவர்கள் போய்ச் சேர்ந்தும் அவர் இருந்தார். 1956-இல் மறைந்தபோது வயது 100!

அந்தப் பாலை எடுத்த கைகள் நம் தாத்தா பாட்டிகளுடையவை. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நெற்றியில் விளக்கோடு மரத்துக்கு மரம் ஒரே ஒரு வரி சீவினார்கள். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டைதான். கத்தி ஆழமாகப் போனால் மரம் புண்ணாகிப் பட்டை முண்டும் முடிச்சுமாகும். அளவாகப் போனால் பட்டை திரும்ப வளரும், சில ஆண்டு கழித்து அதே இடத்தில் மறுபடி சீவலாம். வெட்டியாயிற்று, பால் பிடிக்க மங்கு வைத்தாயிற்று. இனி சொட்டுவது மரத்தின் வேலை என்று அடுத்த மரத்துக்கு நடந்தார்கள். நாளைக்கும் ஒரு வரி பாக்கி இருந்தது!