கொண்டது விடும் வாய்

"மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா" என்னும் பழமொழியைப் பல்லாண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வந்தவன் நான். வன்னியிலே, குளத்தோரக் கிராமமொன்றில் ஆசிரியனாயிருந்த காலத்தில், ஒருநாள் அப்பழமொழியை விளக்கிக்கொண்டிருக்கையில், பின்வரிசைச் சிறுவனொருவன் எழுந்தான்.

"இல்லை சேர், விடும். தாய் முதலை குஞ்சை வாயிலை கொண்டுவந்து தண்ணியிலை விட்டதை நான் கண்டனான்" என்றான்.

வகுப்பு நகைத்தது. நானும் நகைத்தேன். அது குஞ்சைத் தின்றிருக்கும் என்று கூறி அவனை இருத்தினேன்.

ஆயினும் அவன் முகம் என்னை உறங்கவிடவில்லை. நூல்களைப் புரட்டினேன், அவன் கண்டதே உண்மையென அறிந்தேன். நம் குளங்களில் வாழும் நன்னீர் முதலை, வறட்சிக் காலத்தே கரையைத் தோண்டி, ஏறக்குறைய 25 முதல் 30 வரையான முட்டைகளை இட்டு மூடுகிறது. இரண்டு மாதமளவில், குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கின்றன. அக்குரல் கேட்டதும் தாய் மண்ணை அகழ்ந்து, குஞ்சுகளை வாயில் ஏந்தி நீரிற் கொண்டுபோய் விடுகிறது. வெளிவர இயலாது தவிக்கும் குஞ்சு இருப்பின், முட்டையை வாயிலிட்டு மெல்ல உருட்டி ஓட்டை உடைத்தும் உதவுகிறது. மானின் எலும்பை நொறுக்கும் தாடைக்குத்தான் எத்துணை நிதானம்! குஞ்சை வாயிற் கண்டோர், தாய் அதனைத் தின்கிறது என்றே நெடுங்காலம் நம்பினர். நானும் அவர்களுள் ஒருவன்.

தாய்க்கு மட்டுமன்று, தந்தைக்கும் இப்பரிவு உண்டு. சென்னைக்கு அருகே 1976ஆம் ஆண்டு நிறுவப்பட்ட முதலைப் பண்ணையிலே, ஆண் முதலையும் குஞ்சுகளைச் சுமந்து செல்வதை ஆய்வாளர் கண்டு எழுதியுள்ளனர். முதலைக்குப் பல்லியைவிடப் பறவையே நெருங்கிய உறவு என்பது இன்றைய விஞ்ஞானத்தின் முடிபு. கூடு காக்கும் பறவையை எண்ணின், இவ்வன்பு புதுமையன்று.

இன்னுமொரு விந்தை. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது கூட்டு மண்ணின் வெப்பமே. செல்சியஸ் 31 பாகைக்குக் கீழாயின் பெண், 32.5 பாகையளவில் ஆண். இடைவெளி ஒன்றரைப் பாகைதான். உலகே வெப்பமேறும் இந்நாளில், அக்கரை மண்ணின் கதி யாதாகுமோ!

மறுநாள் அம்மாணவனை வகுப்பின் முன் அழைத்து, "நீ கண்டது மெய், பிழை என்னுடையது" என்றேன். அவன் நாணித் தலை குனிந்தான்.

அப்பழமொழியை இன்றும் கற்பிக்கிறேன். முதலை தான் கொண்டதை விடவேண்டிய இடத்தில் விட்டது. கண்டவன் சொல்லியும் கொண்ட கருத்தை விடாதிருந்தவன், அன்று அவ்வகுப்பிலே ஒருவனே.